ஜெராருக்குப் போட்ட எண்

செம்மறிக் கிடாவை அழகு பார்த்து வாங்குகிறவன் ஏமாந்துதான் போவான், ஐயா. கொம்பும் மினுமினுப்பும் குட்டிக்கு உதவாது.

மதுரையிலிருந்து இந்தத் தீவுக்கு நான் கால்நடை மருத்துவனாக வந்தபோது கடற்கரையெங்கும் ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்தன, இறைச்சி போதவில்லை. லாங் மவுண்டன் பக்கத்துப் பண்ணையில் கிடாவைக் கண்ணால் பார்த்தே பொறுக்கினார்கள். நான்தான் இண்டெக்ஸ் என்கிற கணக்கைக் கொண்டுவந்தேன். கிடாவின் அப்பன், ஆத்தாள், கூடப்பிறந்தவை, குட்டிகள் எல்லாம் எப்படி வளர்ந்தன, எதற்கு என்ன நோய் வந்தது என்று பார்த்து ஓர் எண் போடுவோம். எண் குறைந்தால் மந்தையில் விடமாட்டோம், எவ்வளவு செல்லக் கிடாவாக இருந்தாலும் சரி.

என் ஒரே மகள் ருக்மணி ஜெராரைக் கட்டிக்கொண்டாள். பிளேன் மாக்னியனில் இருக்கும், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் பையன், விமான நிலையத்தில் வேலை. கோயிலில் பலர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். சாதி, நிறம், மதம் பார்க்கிற அற்பப் புத்தி எனக்கு என்றுமே கிடையாது. கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லோரையும் வரவேற்றேன்.

அங்கேதான் ஜெராரின் தம்பி ஆன்றியைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் இருந்தான். தொடைத் தசை வற்றிப்போயிருந்தது. பரம்பரை நோய் என்று பார்த்ததுமே தெரிந்தது. திரும்பி வரும் வழியிலேயே மனதுக்குள் ஜெராருக்கு எண் போட்டேன். தேறவில்லை.

ருக்மணி முழுகாமல் இருப்பதாகச் சொன்னபோது உண்மையிலேயே பூரித்துப்போனேன். பிறகு ஆன்றியின் கால்கள் நினைவுக்கு வந்தன. எடுத்துச் சொன்னால் கேட்கிற பெண்ணில்லை. குழந்தையிலிருந்தே அவளுக்கு ஊசி நான்தான் போடுவேன். வேறு கை பட்டால் அழுவாள். வேண்டாத சினையைக் கலைக்கிற மருந்து பண்ணையில் இருந்தது. சத்து ஊசி என்றேன். கையை நீட்டினாள்.

"வலிக்கவே இல்லப்பா," என்றாள்.

ரத்தம் நிற்கவில்லை. பிள்ளையோடு கர்ப்பப்பையும் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆன்றி மாதிரி நாமளும் ஒரு பிள்ளைய எடுத்து வளக்கலாம்னு ஜெரார் சொல்றார்ப்பா. புயல்ல பெத்தவங்க செத்ததும் அத்தைதான் அவனத் தூக்கிட்டு வந்தாங்களாம். எனக்கே இப்பத்தான் தெரியும்."

பண்ணையில் தாயில்லாக் குட்டியை வேறு ஆட்டிடம் ஊட்டவிட்டால் காதில் தனி வில்லை குத்துவோம். இல்லாவிட்டால் வம்சாவளி குழம்பிவிடும். மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. அவள் தலையை வருடிக்கொண்டே ஆன்றியைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிட்டேன். ஜெரார் நன்றாகவே தேறினான்.

அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊசி போட்டது நான்தான், ஐயா, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் கணக்கில் பிழை கிடையாது. அந்த வீட்டில் ஒருவராவது என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.