இயந்திரத்துக்கு அறை, பிள்ளைக்கு மாடிப்படி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மேலாளர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே, நின்று நின்று கால் வீங்கினாலும் நிமிர்ந்து வந்திருக்கும் தாய்மார்களே, எப்போது முடிப்பாள் என்று கடிகாரம் பார்க்கும் அண்ணன் தம்பிகளே, வணக்கம்! பிள்ளை கண்ணயர்ந்த பின், அகால வேளையில் எழுதிய உரை இது. அதில் தூக்கக் கலக்கம் இருந்தால் பொறுத்தருளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்கவே வேண்டாம்!

நம் ஆலையின் புதிய சலவை இயந்திரத்துக்கு என்ன பெயர்? 'அம்மாவுக்கு ஓய்வு'! அடடா! அழுக்கு அத்தனையும் அம்மாவுடையதா? அப்பா சட்டையில் அழுக்கே ஒட்டாதா? சிரிக்காதீர்கள் அண்ணா, உங்கள் காலரைத்தான் பார்க்கிறேன்!

இயந்திரங்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. விளம்பர அதிகாரி ஒருநாள் வந்தார்.

"பொம்பளைங்களுக்கு என்ன கலரும்மா பிடிக்கும்?"

"கலர் கிடக்கட்டும் சார், ஆம்பளை கை பட்டாலும் ஓடுற மாதிரி ஒரு பட்டன் வைங்க."

"உனக்கு வாய் ஜாஸ்திம்மா!"

இளஞ்சிவப்பில் பூப்போட்டு வந்து நிற்கிறது இயந்திரம்! எங்கே நிற்கிறது? நம் குழந்தைகள் காப்பக அறையில் நிற்கிறது! காப்பகத்தை மூடி, தொட்டில்களை மாடிப்படிக்கு அடியில் திணித்துவிட்டு, விரிப்பு விரித்து, விளக்குப் போட்டு, காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். இரும்புக்கு இடமுண்டு, இடுப்புப் பிள்ளைக்கு இடமில்லை! வாங்க வரும் அம்மாவுக்கு வரவேற்பு. வியர்வை வடித்துச் செய்த அம்மாவுக்கு வழியனுப்பு விழாவா?

மோட்டார் பொருத்தும் என் தோழி பால்குடி மறக்காத பிள்ளைக்காரி. மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"புள்ளைய எங்க சார் விடுறது?"

"வீட்டுல விட்டுட்டு வாம்மா."

"வீட்டுல யாரு சார் இருக்கா?"

"அப்ப நீ இரு!"

நேற்று வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் கணவரும் இதே ஆலைதானே? "நீ இருப்பா வீட்டுல" என்று பேச்சுக்காவது அவரிடம் யாராவது சொன்னீர்களா? அதோ, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நிற்கிறார். குனியாதீர்கள் தம்பி! பிள்ளை உங்களுடையதும்தான், நிமிர்ந்து கேளுங்கள்!

என் மகள் இந்த நிமிடம் பக்கத்து வீட்டு அக்காவின் தயவில் இருக்கிறாள். அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும், அடுத்து எழுதிக் கொடுப்பவள் நான்.

என்னை நன்றியுரைக்குத்தான் அழைத்தீர்கள். பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி; நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியதை அந்த அறையில் தொட்டில் ஆடும் நாளில் சொல்கிறேன். மேலாளர் அவர்களே, என் தோழியின் கடிதத்தில் நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்கு முன் சொல்லுங்கள், அந்த அறையைப் பிள்ளைகளுக்கு எப்போது திறப்பீர்கள்? அவள் வெளியே காத்திருக்கிறாள். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள். வணக்கம்.