மக்குமா?

உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் தேர்தல் விதிகளை வெட்டினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எழுதப்பட்ட ஒரே முக்கியமான ஆவணம் என்னுடைய கொள்முதல் படிவம். இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்; யாரும் படிப்பதில்லை.

நான் படிப்பேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பேன். கல்லூரிச் சுவரிதழில், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வருடம் கேலி எழுதியவன். பிறகு, கிராமங்களில் குப்பையும் கால்வாயும் அள்ளும் ஒரு துறையின் வட்டார அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கொள்முதல் பிரிவு. துறையின் பெயர் வேண்டாம்.

சென்ற ஆண்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இனி சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பொருள்களையே வாங்க வேண்டும், அதற்கொரு படிவம் வேண்டும். கண்காணிப்பாளர் வெங்கடேசன் சார் அதை என் மேசையில் போட்டார்.

"இன்னாமோ பசுமைக் கொள்முதலாம் ஸ்ரீகாந்து. நீயே எதையாச்சும் அடிச்சி எடுத்துக்கினு வா."

அடித்தேன். படிவத்தில் ஒரே கேள்விதான்: மக்குமா? மக்கும் என்றால் வாங்கலாம். மக்காது என்றால் கூடாது. மூங்கில் கூடை மக்கும். தென்னந்துடைப்பம் மக்கும். ரப்பர் கையுறை மக்காது. ஆகவே அதற்குப் பதிலாகச் சணல் கையுறை என்று எழுதினேன். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்த வரிக்கு வந்ததும் சார் தாளைச் சுருட்டி என் தலையில் தட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

வேடிக்கைக்காக எழுதியது என்று மறுநாள் சொல்வதாக இருந்தேன். மறுநாள் அவருக்கு விடுப்பு. மறுவாரம் பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது, முன்மாதிரிப் படிவம் என்று. என் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டினார்கள். சணல் கையுறையும் வந்தது. அரசு கேட்டால் யாராவது தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

திருப்புலிவனம் பக்கம் கால்வாய் அள்ளுகிற அம்சா அக்கா முதல் நாளே அதை மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் கையை விரித்தாள்.

"இன்னா தம்பி இது, கைய கோணிப்பையில சொருவிக்கினு சேறு அள்ளணுமா?"

"இது மக்கும் அக்கா."

"எம்மாம் நாள்ல?"

"ஆறு மாசம்."

"அதுக்குள்ள நான் மக்கிடுவேன் போல கீதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல வரி, நான் எழுதியிருக்க வேண்டியது.

மூன்றாம் நாள் திரும்ப வந்தாள். சணலில் தண்ணீர் ஏறி ஊறுகிறது, கண்ணாடிச் சில்லு தைக்கிறது என்றாள். பழைய ரப்பர் கையுறை ஒரு ஜோடி கேட்டாள். பீரோவில் நாற்பது ஜோடி இருந்தன, பிரிக்காத உறையில். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் மறுவாரம் எங்கள் பசுமை அலுவலகத்தைப் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. கால்வாயில் ஒரு ரப்பர் கையுறை அவர்கள் கண்ணில் பட்டால் படிவம் என்ன ஆவது?

"குழு வந்துட்டுப் போவட்டும் அக்கா" என்றேன்.

குழு வந்தது, படம் எடுத்தது, போனது. அதற்கு முந்தின நாள் அம்சா அக்காவின் வலது கையில் உடைந்த பாட்டில் ஏறியிருந்தது. சேற்றுத் தண்ணீர், ஊறிய சணல், கட்டுப் போடாத இரண்டு நாள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

கட்டுக் கையோடு அலுவலகத்துக்கு வந்தவள் சண்டை போடவில்லை. இடது கையால் அந்தக் கையுறையை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"உன் கணக்கு தப்பு தம்பி. இது அப்பிடியே கீது. வெரலுதான் மக்கிப்போச்சி."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "விசாரணை வருதாம். நான் கிளவுசு போடாம எறங்கினேன்னு எழுதிட்டா வேலயவுட்டு நிறுத்திடுவாங்க. இந்தக் கைய வெச்சிக்கினு நான் வேற எங்க போவேன்? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ படிக்கிற புள்ள. பாத்துச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று விசாரணை. அறைக்கு வெளியே வெங்கடேசன் சார் என் தோளில் கை போட்டார். "அம்சா ரப்பர் கிளவுசு வாங்கிக்கினு போடாம போச்சின்னு உன் வாக்குமூலத்துல ஒரு வரி கீது. நீ இன்னாத்துக்கு அதையெல்லாம் கண்டுக்கினு? உனக்கு ரெனீவல் வருதுல்ல" என்றார்.

உள்ளே அதிகாரி நல்ல மனிதர். என்னைக் கேட்காமலே என் வாக்குமூலம் மூன்று பக்கம் அச்சாகித் தயாராக இருந்தது. காகிதச் சுருள் பேனா ஒன்றைக் கொடுத்தார். அடியில் அகத்தி விதை வைத்தது, எழுதி முடித்து மண்ணில் ஊன்றினால் முளைக்கும். என் படிவத்தின்படி வாங்கியதுதான்.

"படிச்சிட்டுப் போடுப்பா" என்றார்.

"பரவாயில்லைங்க சார்" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

ஜன்னலுக்கு வெளியே அம்சா அக்கா வேப்பமரத்தடியில் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். படித்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டேன்.