துணி விலகும் முன் சில வார்த்தைகள்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், தாங்க முடியாமல் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும், பட்டறைத் தெருச் சங்கத் தலைவர் அவர்களே. மேடையில் மூடி வைத்திருக்கும் பொருளின் முடிச்சில் கை வைத்தபடி நிற்கும் செயலாளர் அவர்களே. அந்தக் கையைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள், வணக்கம் சொல்ல இரண்டு கையும் வேண்டும். பொறி பறக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பொறுமையோடு வந்திருக்கும் பெரியோர்களே. காலையில் கோபித்துக்கொண்டாலும் மாலையில் கூட்டத்துக்கு வந்துவிடும் தாய்மார்களே. முன்வரிசையைப் பிடித்துவிட்டு முக்கால்வாசி நேரம் தூங்கப்போகும் என் வயதுத் தோழர்களே. அனைவருக்கும் இந்தச் சைக்கிள் கடைக்காரனின் வணக்கம்.

எனக்கு இட்ட பணி சின்னப் பணி. அறிவுச் சொத்து நிறுவனம் ஒன்றிலிருந்து மூன்று தலைவர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்பு என்னென்ன தொழில் பார்த்தவர்கள் என்று சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும். அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. வண்டி நெரிசலில் நிற்கிறது. அதனால் அவர்கள் வரும்வரை நான் பேசலாம் என்று தலைவர் அனுமதித்திருக்கிறார். நான் மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன் என்று தெரிந்தும் அனுமதித்திருக்கிறார். அவர் தலைவிதி.

அறிவுச் சொத்து என்றால் என்ன? நிலத்துக்கு வேலி போடலாம். வீட்டுக்குப் பூட்டுப் போடலாம். மண்டைக்குள் மின்னிய யோசனைக்கு எதைப் போடுவது? இதை இன்னார் கண்டுபிடித்தார், அவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் ஓர் உரிமை தருகிறது. அதன் பெயர் காப்புரிமை. அதைக் கேட்டு மனுப் போட்டு வாங்கித் தருவதுதான் இவர்கள் தொழில்.

யாருக்காக வருகிறார்கள்? அதோ, மேடை ஓரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, வெல்டிங் பட்டறைக்காரி, என் மருமகள், அவளுக்காக. பக்கத்தில் சாதாரண நாற்காலியில் இருப்பவன் என் மகன். கால் இரண்டும் நடக்காது. துணிக்குள் இருப்பது அவனுடைய சக்கர நாற்காலி.

ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் இவன் சில்லறை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். கை சக்கரத்தை விட்டது, நாற்காலி நகர்ந்தது, சாலை சரிவு. பெற்றவன் நான் பத்தடி பின்னால் நிற்கிறேன். ஓடுகிறேன். கத்துகிறேன். அவன் போய்க்கொண்டே இருக்கிறான். எதிரே லாரி. அந்த ஓட்டுநர் மட்டும் தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால், நான் இன்று இந்த மேடையில் இல்லை, வேறு எங்கோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன்.

மறுநாளே இவள் பட்டறைக்குள் போனாள். இப்போது அந்த நாற்காலியில் கை எடுத்தால் போதும், சக்கரம் தானாக நின்றுவிடும். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. எப்படி நிற்கிறது தெரியுமா? அந்தக் கைப்பிடி வளையத்துக்கு உள்ளே...

இல்லை. சொல்லக் கூடாது. தண்ணீர் கொடுங்கள்.

பார்த்தீர்களா, என் வாயைக் கண்டு எனக்கே பயம். என்ன செய்கிறது என்று சொல்லலாம். எப்படிச் செய்கிறது என்று மூச்சுவிடக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

அழைப்பிதழில் விருந்தினர்களின் பழைய தொழிலைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டிருக்கிறார்கள். நமக்கு அது எட்டுமா? அதனால் மேடை ஏறும் முன் அவர்களுக்கே போன் போட்டேன். மூவரும் ஒரே வண்டியில் வருகிறார்கள். முதலில் பேசியவர் நிறுவனத்தின் தலைவி.

"நீங்க இதுக்கு முன்னாடி என்ன வேலைம்மா பார்த்தீங்க?"

"காப்புரிமை ஆபீஸ்ல மனுக்களைப் பரிசோதிக்கிற வேலைங்க ஐயா. ஒருத்தர் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு வருவாரு. அது புதுசு இல்லைன்னு காட்ட ஏதாவது கிடைக்குதான்னு தேடணும்."

"அந்த வேலையை எங்க வீட்ல என் சம்பந்தியம்மா சம்பளமே வாங்காம பார்க்கிறாங்கம்மா."

சிரித்தார்கள். ஏம்மா சம்பந்தி, நீங்களும் சிரிக்கலாம். போன் அடுத்தவர் கைக்குப் போனது. அவர் வக்கீல்.

"பெரிய கம்பெனிங்களுக்குக் கேஸ் நடத்தினேன் பெரியவரே. சின்ன ஆளுங்க வாங்கி வெச்சிருக்கிற காப்புரிமையை உடைக்கிறதுதான் என் வேலை."

"எதை வெச்சு உடைப்பீங்க? சம்மட்டியா?"

"போட்டோ. மனு போடறதுக்கு முந்தியே அவரு எங்கேயாவது நாலு பேர் முன்னாடி காட்டியிருப்பாரு. பெருமை தாங்காம காட்டியிருப்பாரு. பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. அந்தப் போட்டோ கிடைச்சா போதும், இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம், இதுக்கு எப்படி உரிமை கொடுத்தீங்கன்னு கேட்டுடுவேன். முடிஞ்சுது."

முடிந்தது என்று அவர் சொன்னபோது குரல் உயரவில்லை. பல் பிடுங்குகிறவர் பேசுவதுபோல மென்மையாகச் சொன்னார்.

மூன்றாமவர் போனை வாங்கினார். அவர் நம்ம ஆள், பட்டறைக்காரர். காற்றடித்தாலும் அணையாத அடுப்பு பர்னர் ஒன்று செய்தவர்.

"கண்காட்சியில வெச்சேன்ணே. மாலையெல்லாம் போட்டாங்க. அப்புறமாத்தான் மனு போட்டேன், உரிமையும் கிடைச்சுது. பெரிய கம்பெனி ஒண்ணு அதையே செஞ்சு விக்க ஆரம்பிச்சுது. கேஸ் போட்டேன். அவங்க வக்கீலு மாலை போட்ட போட்டோவை நீட்டினாரு. பட்டறையை மூடிட்டேன்."

"எந்தப் பாவிப்பா அந்த வக்கீலு?"

"மெதுவாப் பேசுங்க. பக்கத்துலதான் உட்கார்ந்து வர்றாரு."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் இவர் அடிக்கத்தான் போயிருக்கிறார். வக்கீல் ஓடவில்லையாம். "அடிச்சுக்க. இனிமே இந்த வேலைக்கு நான் போகல" என்றாராம். ஓங்கிய கையை இறக்கிவிட்டு இருவரும் எதிர்க்கடையில் டீ குடித்திருக்கிறார்கள். புதுமை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அந்த அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மறுத்தவர் ஒருவர், உடைத்தவர் ஒருவர், இழந்தவர் ஒருவர். இதுதான் நான் செய்ய வேண்டிய அறிமுகம். அறிமுகம் முடிந்தது, ஆனால் நான் உட்காரப் போவதில்லை.

ஏனென்றால் கடைசியாக நான் சொன்னேன், "சரிப்பா, சீக்கிரம் வாங்க. இல்லேன்னா துணியை எடுத்துடுவாங்க."

"எந்தத் துணியை?" என்றார் அந்தப் பட்டறைக்காரர்.

நம் தெரு வழக்கத்தைச் சொன்னேன். புதிதாக எது செய்தாலும், விற்பதற்கு முன்னால் தெருவைக் கூட்டி, துணி விலக்கிக் காட்டுவோம் என்றேன். தலைவி அம்மா போனைப் பிடுங்கியது கேட்டது.

"ஐயா, வெளியாளுக்குக் காட்டாதீங்கன்னு உங்க மருமகக்கிட்ட சொல்லியிருந்தோமே."

"வெளியாள் யாரும்மா? எல்லாம் நம்ம தெருதானே?"

"ஐயா, மனு இன்னும் போடல. நாளைக்குத்தான் போடப் போறோம். இன்னிக்குத் துணியை எடுத்தா நாளைக்குப் போட்டும் பிரயோஜனம் இல்ல. எடுக்க விடாதீங்க."

"நான் எப்படிம்மா தடுக்கிறது?"

"நல்லாப் பேசுவீங்கன்னு சொன்னாங்களே. பேசுங்க."

பேசிக்கொண்டிருக்கிறேன், தாய்மார்களே. செயலாளரிடம் சொன்னேன். "படிச்சவங்க இப்படித்தான் பயமுறுத்துவாங்கய்யா. தெருவே வந்து உட்கார்ந்திருக்கு, போட்டோ எடுக்கிறவரும் வந்தாச்சு" என்றார். போட்டோ எடுப்பவர் வந்துவிட்டாராம். அந்த ஒரு சொல்லில்தான் ஓடிவந்து மைக்கைப் பிடித்தேன்.

யாரது, லேத்துக்காரரா? "பெருசு, பேச்சை முடி, துணியை எடு"ங்கிறீரா? உம்ம மிஷின் மாதிரியே நீரும் நிறுத்தாம கத்துறீரே. உட்காருமய்யா.

பின்னால் ஒரு தங்கை எழுந்து கேட்கிறாள். "நாங்க என்ன திருடங்களா மாமா? எங்ககிட்ட மறைக்கிறீங்க?"

நல்ல கேள்வி தாயே. நெஞ்சில் தைக்கிற கேள்வி. நீங்கள் திருடர்கள் அல்ல. நீங்கள் நல்லவர்கள். அதனால்தான் நடுங்குகிறேன். நாளைக்கு எவனோ ஒரு வக்கீல் உங்களைக் கூண்டில் ஏற்றி, பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்தோம் என்று உண்மையைச் சொல்லிவிடுவீர்கள். பொய் சொல்லத் தெரிந்த கூட்டமாக இருந்தால் நான் இவ்வளவு பயப்படமாட்டேன். பகைவனுக்கா பயப்படுகிறேன்? இல்லை. உங்கள் கைதட்டலுக்குப் பயப்படுகிறேன். நீங்கள் போடப்போகும் மாலைக்குப் பயப்படுகிறேன். உங்கள் அன்புக்குப் பயப்படுகிறேன்.

மூன்றாவது வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் தம்பி. ஆமாம், நீலச் சட்டை. நீங்க யார் வீட்டுப் பிள்ளை? சொல்லமாட்டீங்களா? யாருக்காவது தெரியுமா இவரை? தெரியாதா? சரி. கை வலிக்கும் தம்பி, இறக்குங்க. இறக்கவில்லை. பரவாயில்லை, என் முகத்தைப் படம் எடுத்தால் உங்கள் போனுக்குத்தான் நஷ்டம்.

நான் கிழவன். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். சட்டம் எனக்கு என்ன தெரியும்? ஒருவேளை செயலாளர் சொல்வதுபோல அவர்கள் வீணாகப் பயமுறுத்தியிருக்கலாம். ஆனால் செய்தவள் இங்கே இருக்கிறாள். அவளையே கேட்போம். இந்தாம்மா, மைக்கைப் பிடி. கடிச்சுடாது.

"மாமா... தெருவுக்குக் காட்டாம விட்டா நாளைக்கு எந்த முகத்தோட பட்டறையைத் திறப்பேன்? இரும்பு வேணும்னா இவங்ககிட்டதான் வாங்கணும். லேத்து வேணும்னா அவர்கிட்டதான் போகணும்."

சரிம்மா. அப்போ எடுத்துடலாமா?

"இல்ல மாமா. பயமா இருக்கு. எடுக்க வேணாம்."

கேட்டீர்களா? செயலாளரே, கேட்டீர்களா? முடிச்சை விட்டுவிட்டார். நன்றி. இனிமேல்தான் சிக்கல், என் மகன் கையைத் தூக்குகிறான். என்னடா?

"எல்லாம் சரிப்பா. அது என் நாற்காலி. நான் எப்படிக் கீழ இறங்குறது?"

சிரிக்காதீர்கள். அவன் கேட்பது நியாயம். அவன் உட்கார வேண்டுமானால் துணி விலக வேண்டும். இந்த மேடைக்குத் திரையும் கிடையாது. லேத்துக்காரர் எழுந்துவிட்டார். "நாங்க நாலு பேர் தூக்கிட்டுப் போயிடறோம் பெருசு." நல்ல மனசய்யா உமக்கு. நீ என்னடா சொல்றே?

"மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறதுக்காப்பா அவ ராப்பகலாப் பட்டறையில கிடந்தா?"

இதற்குப் பதில் உங்களில் எவரிடமாவது இருக்கிறதா?

மேடைக்குப் பின்வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்கள். இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். இந்தத் தெருவில் யாரும் யாரிடமும் கேட்டிராத ஒன்று. பார்க்க வந்த உங்களைப் பார்க்காதீர்கள் என்று கேட்கிறேன். எழுந்திருங்கள். உங்கள் நாற்காலியைத் தூக்குங்கள். திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். அவமானப்படுத்தவில்லை. பெற்ற பிள்ளைக்காகக் கெஞ்சுகிறேன். பெறாத பிள்ளைக்காகவும் கெஞ்சுகிறேன்.

யாரும் அசையவில்லை. சரி, யோசியுங்கள்.

கேள்வி கேட்ட தங்கை எழுந்துவிட்டாள். திருப்பிவிட்டாள். தாயே, நீ நல்லா இருக்கணும். லேத்துக்காரர் திருப்புகிறார், கூடவே பக்கத்து நாற்காலியையும் திருப்புகிறார், ஆளோடு சேர்த்து. முன்வரிசைத் தோழரை எழுப்புங்கள், எதற்கென்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தலைவரே, செயலாளரே, நீங்களும்தான். போட்டோக்காரரே, மூடியைப் போட்டு நீங்களும்.

நீலச் சட்டைத் தம்பி மட்டும் இன்னும் இந்தப் பக்கம் பார்க்கிறார். தம்பி, நீங்கள் யார் என்று இனி கேட்கமாட்டேன். யார் அனுப்பினார் என்றும் கேட்கமாட்டேன். யாரும் அனுப்பாமலும் இருக்கலாம். உங்களுக்கு முன்வரிசைகளில் இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்து உங்களைத்தான் பார்க்கிறார்கள். நீங்களும் திருப்பிப் போடுங்கள் தம்பி.

கை இறங்குகிறது. திருப்புகிறார். திரும்பிவிட்டார்.

மருமகளே, முடிச்சை நீயே அவிழ்த்துக்கொள். உன் கணவனை நீயே உட்கார வை. நானும் திரும்பிக்கொள்கிறேன். எனக்கும் இப்போது பக்கச் சுவர்தான் தெரிகிறது. துணி சரசரக்கிறது. சக்கரம் உருள்கிறது. யாரும் திரும்பாதீர்கள். பின்கதவு திறக்கிறது. திரும்பாதீர்கள். நாளைக்கு அந்த மனு ஏறும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஏறிய பிறகும் பயம் போகுமா என்று தெரியாது.

கதவு சாத்திய சத்தம் கேட்டதா? கேட்டது.

நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். பாதியில் எழுந்து போனவர்களின் முதுகை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்காக உட்கார்ந்திருந்த முதுகுகளுக்கு இன்றுதான் நன்றி சொல்கிறேன். கைதட்டாத கைகளுக்கு நன்றி. பார்க்காத கண்களுக்கு நன்றி. சுவரைப் பார்த்தபடியே உங்கள் அத்தனை பேரையும் கும்பிட்டு விடைபெறுகிறேன், வணக்கம்.