மகாராணியைக் கூப்பிட்ட பூனை

பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது பலருக்குத் தெரியாது, ஐயா. எனக்கும் தெரியாது. கத்தும்போதெல்லாம் ஊற்றினேன். குடித்துவிட்டு மறுபடி கத்தும்.

அது என் நாத்தனார் வளர்த்த பூனை. என் வீட்டுக்காரரின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நான் தையல் மிஷினில் உட்கார்ந்தால் போதும், "மகாராணீ, ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?" என்பார். கேலிதான். ஆனால் எனக்கு அது பிடிக்கும். வேறு யார் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள்?

பக்கவாதம் வந்து படுத்த பிறகு அந்த மகாராணியில் கடைசி 'ணீ' மட்டும்தான் மிஞ்சியது. மிஷின் ஓடினால் அதுவும் கேட்காது.

அப்போதுதான் பூனை ஓயாமல் கத்த ஆரம்பித்தது. காலடியில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துக் கத்தும். எதிர்வீட்டு அக்கா, "என்னடி, பூனையைப் பட்டினி போடுறியா? தெருவையே கூட்டுதே" என்றாள். மானம் போயிற்று. மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

வயிறு, பல், காது எல்லாம் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. வளர்ந்த பூனைங்க தங்களுக்குள்ள அவ்வளவா கத்திக்காது. மனுஷங்களைக் கூப்பிடத்தான் கத்தும். ஒரு தடவை பின்னாடியே போய்ப் பாருங்க."

போனேன். அண்ணியின் அறைக்குத்தான் கூட்டிப்போனது. படுக்கை நனைந்திருந்தது. எனக்குக் கேட்காததைப் பூனை வந்து சொல்லியிருக்கிறது. அன்று அழுதேன், ஐயா.

ஆனால் புரிந்த பிறகு உட்கார முடியாது. துணி மாற்றிவிட்டு வந்து ஊசியில் நூல் கோப்பதற்குள் மறுபடி வந்து நிற்கும். தண்ணீர். தலையணை. கொசு. சில நேரம் ஒன்றுமே இருக்காது, சும்மா என் முகத்தைப் பார்க்கத்தான். என் இடுப்பு விட்டுப்போயிற்று. அண்ணி மேல் எனக்குக் கோபமில்லை. பூனை மேல்தான்.

ஒரு நாள் காலையில் அதை மீன்காரரிடம் கொடுத்தனுப்பினேன். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத இடம். வீடு அமைதியாகிவிட்டது.

மத்தியானம் நூல் கோக்க மிஷினை நிறுத்தியபோது சத்தம் கேட்டது. "இந்தப் பூனைக்கு வேற வேலையே இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மிஷினை மிதித்தேன். மறுபடி கேட்டது. வேகமாக மிதித்தேன். பிறகு கேட்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் வைத்து முடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்துதான் பார்த்தார். அண்ணி கட்டிலிலிருந்து சரிந்து, தரையில் முகம் குப்புறக் கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

"அக்கா உன்னைக் கூப்பிடவே இல்லையா?"

"பூனைதான் கத்திட்டிருந்துச்சு" என்றேன்.

"பூனை எங்கே?" என்றார்.

பூனை என்றுதான் நினைத்தேன் என்று உங்களிடமும் சொன்னேன், அப்படியே எழுதிக்கொண்டீர்கள். ஆனால் எந்தப் பூனைக்கும் 'ணீ' வராது, ஐயா.