தோளில் தொங்கிய பை

சார்லஸ்: ...அட, கொஞ்சம் நில்லு செல்வி! அந்த போலீஸ்காரர் தலையில பாரு. தொப்பி செக்கச்செவேல்னு!

சகாயசெல்வி: பாத்தாச்சுங்க. மூணாவது தடவையா அதே தொப்பியப் பாக்கறோம்.

சார்லஸ்: அழகா இருந்தா நாலாவது தடவையும் பாக்கலாம். இந்தப் பாண்டிச்சேரி தெருவெல்லாம் யாரு இப்படி கூட்டறாங்க? மஞ்ச சுவரு, மேல காகிதப்பூ... செருப்பக் கழட்டிட்டு நடக்கலாம் போல இருக்குது.

சகாயசெல்வி: கழட்டிடாதீங்க. உப்பளத்துக் காலுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்.

சார்லஸ்: தெரியட்டுமே! மரக்காணத்துக்காரன்னு பெருமையா சொல்லுவேன். ...யம்மா, இந்த பீச்சப் பாரேன்!

சகாயசெல்வி: நம்ம ஊர்ல இருக்கறதும் இதே கடல்தான். அங்க ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கீங்களா?

சார்லஸ்: அங்க கடலப் பாத்தா வேலை ஞாபகம் வரும். உப்புப் பாத்திக்குத் தண்ணி ஏறுச்சா, மழை வந்துடுமான்னு... இங்க சும்மா உக்காந்து பாக்கலாம். கல்லுல அலை அடிக்கறது எவ்ளோ நல்லா இருக்குது!

சகாயசெல்வி: அப்ப உக்காருங்க. அந்தப் பையையாவது எறக்கி வைங்க. பஸ் ஏறுனதுலேர்ந்து தோள்லயே தொங்குது.

சார்லஸ்: இருக்கட்டும்.

சகாயசெல்வி: அதுல இன்னாதான் வச்சிருக்கீங்க?

சார்லஸ்: குடை.

சகாயசெல்வி: குடையா? தோளு ஒரு பக்கமா சாயுது!

சார்லஸ்: ...தண்ணி பாட்டிலும் இருக்குது. நீ இரு, சுண்டல் வாங்கியாறேன்.

சகாயசெல்வி: பையை வச்சிட்டுப் போங்க... ஏங்க... போயிட்டாரு. ...ஹலோ, ஜெனி? சொல்லுடி. அப்பா சுண்டல் வாங்கப் போயிருக்காரு. சீக்கிரம் பேசு.

ஜெனிஷா: ம்மா! எங்க இருக்கீங்க? அப்பா மூடு எப்படி?

சகாயசெல்வி: திருவிழாவுக்கு வந்த புள்ள மாதிரி ஆடறாரு. சண்டே மார்க்கெட்ல மட்டும் ஒரு மணி நேரம்! ஒண்ணும் வாங்கல, எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. நான்தான் மணியப் பாத்துக்கிட்டே நிக்கறேன்.

ஜெனிஷா: பன்னெண்டரைக்கெல்லாம் செந்தமிழ் கடைக்குப் போயிடும்மா. அவரு விடியறதுக்குள்ளயே ஹார்பர் போய் வஞ்சிரம் எடுத்துட்டு வந்திருக்காரு. அப்பா வர்றாருன்னு ஒரே பதட்டமாம்.

சகாயசெல்வி: பதறாம கொழம்பு வைக்கச் சொல்லு. அப்பா வாயால 'நல்லா இருக்குது'ன்னு ஒரு வார்த்தை வரட்டும். அப்புறம்தான், 'இந்தப் பையனத்தான் கட்டிக்கணும்னு உங்க பொண்ணு நிக்கறா'ன்னு ஆரம்பிப்பேன்.

ஜெனிஷா: அப்பாவா? நல்லா இருக்குதுன்னா? பிரிசில்லா அக்கா கல்யாணத்துல பாக்கெட் உப்பு போட்டுட்டாங்கன்னு பந்தியிலேர்ந்தே எழுந்தவரும்மா அவரு!

சகாயசெல்வி: அதான்டி பயம். செந்தமிழ் இன்னா உப்பு போடுது?

ஜெனிஷா: வீட்லேர்ந்து நான் எடுத்துட்டு வர்றதுதான்.

சகாயசெல்வி: அதுவாவது கைகுடுக்குதா பாப்போம். வேற சாமி கும்புடற வீட்டுப் பையன் வேற. வர்ற ஞாயித்துக்கிழமை திண்டிவனத்துக்காரங்க உனக்கு நிச்சயம் பேச வர்றாங்க. இன்னிக்கு விட்டா வேற நாள் இல்ல.

ஜெனிஷா: ம்மா... அப்பா வேணாம்னு சொல்லிட்டா?

சகாயசெல்வி: ...மாதாவ வேண்டிக்கோ.

ஜெனிஷா: நான் மட்டும் இல்ல, ஹாஸ்டல்ல எட்டு பேரும் வேண்டிக்கிறோம்.

சகாயசெல்வி: சரி சரி, வர்றாரு. ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாச்சு பாரு, கெளம்பு. வச்சுடறேன்.

சார்லஸ்: இந்தா, சூடா இருக்குது. போன்ல யாரு?

சகாயசெல்வி: ...பக்கத்து வீட்டு யுவராணி. ஆட்டுக்குத் தழை போட்டாளாம்.

சார்லஸ்: நல்ல பொண்ணு. ...ம். பாக்கெட் உப்பு.

சகாயசெல்வி: ஆரம்பிச்சிட்டீங்களா! காலைல இட்லிக் கடையிலயும் இதையேதான் சொன்னீங்க.

சார்லஸ்: அதுவும் பாக்கெட்டுதான். மாங்கா பத்தை வித்த அம்மா மட்டும் கல்லுப்பு வச்சிருந்தாங்க. ஆனா அது தூத்துக்குடி உப்பு.

சகாயசெல்வி: ஊரு சுத்திப் பாக்க வந்தீங்களா, உப்பு ருசி பாக்க வந்தீங்களா?

சார்லஸ்: ரெண்டுக்கும்தான். சுண்டல் நல்லாத்தான் இருக்குது, தேங்கா பத்தை எல்லாம் போட்டு... இந்த ஊர்ல சும்மா நடந்தாலே பசிக்குதே! மத்தியானம் எங்க சாப்பிடலாம்?

சகாயசெல்வி: ...பெரிய மார்க்கெட் பின்னாடி சந்துல ஒரு மீன் சாப்பாட்டுக் கடை இருக்குதாம். நல்லா இருக்கும்னு சொன்னாங்க.

சார்லஸ்: யாரு சொன்னா?

சகாயசெல்வி: சும்மா... எல்லாரும்தான்.

சார்லஸ்: எல்லாரும் சொன்னா போய்த்தான் ஆகணும். நட.

சகாயசெல்வி: ...இதோ, இந்த நீலக் கதவு. குனிஞ்சு வாங்க.

சார்லஸ்: யப்பா, இன்னா கூட்டம்! நாலே மேஜை, வெளிய இருவது பேரு நிக்கறாங்க. அந்த வெள்ளக்காரரப் பாரு, கையால பெசஞ்சு அடிக்கறாரு!

சகாயசெல்வி: ஒரு வழியா நமக்கு எடம் கெடைச்சுது. அடுப்பாண்ட நிக்கறான் பாருங்க, அவன்தான் கடைக்காரப் பையன். மேஜையக்கூட அவனே ஓடி வந்து துடைக்கறான், பாத்தீங்களா?

சார்லஸ்: பாத்தேன், பாத்தேன். சாப்பிட விடு. ...வஞ்சிரம் மேல மொறுமொறுன்னு, உள்ள பூ மாதிரி! நண்டு ரசம் குடிச்சியா? மூக்குல தண்ணி வருது, நிறுத்தத்தான் முடியல.

சகாயசெல்வி: கொழம்பு ஊத்திக்குங்க.

சார்லஸ்: ம்...

சகாயசெல்வி: ...இன்னாங்க? ஏன் கைய எடுத்துட்டீங்க?

சார்லஸ்: ...உப்பு.

சகாயசெல்வி: ஐயோ, எழுந்திடாதீங்க! எல்லாரும் பாக்கறாங்க. இன்னிக்கு ஒரு நாள், எனக்காக...

சார்லஸ்: இரு, இரு. கல்லுப்பு.

சகாயசெல்வி: ...நல்லா இருக்குதா?

சார்லஸ்: நல்லா இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது! தம்பி, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துப்பா. ...ஏம்பா, எலைய விட்டு வெளிய ஊத்தறியே! மெதுவா ஊத்து.

சகாயசெல்வி: ...அவன் அந்தாண்ட போயிட்டான். ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

சார்லஸ்: இந்தக் கொழம்பு கையில இருக்கும்போது யாருக்குக் கோவம் வரும்? சொல்லு.

சகாயசெல்வி: இந்தப் பையன்... பேரு செந்தமிழ். நம்ம ஜெனி... ரெண்டு வருசமா... நம்ம கோயில் இல்லதான். ஆனா இவனத் தவிர வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்னு... உங்கள இங்க கூட்டியாந்ததே அதுக்குத்தான். ...ஏங்க, அங்க எங்க பாக்கறீங்க?

சார்லஸ்: அந்த மூலையில பாரு. அரிசி மூட்டை பக்கத்துல ஒரு சின்னப் பை. வாயில நீல நைலான் கயிறு. முடிச்சு தெரியுதா?

சகாயசெல்வி: ...அது நீங்க போடற முடிச்சு.

சார்லஸ்: மாசா மாசம் ஜெனி நம்ம பாத்தி உப்பு பத்து கிலோ கேட்டு வாங்கிட்டுப் போறா. ஹாஸ்டல் பொண்ணுங்க ஊறுகா போடறாங்களாம். முப்பது வருசமா உப்பு வார்றவன்கிட்ட சொல்ற பொய்யா அது? பத்து கிலோவ எட்டு பொண்ணுங்க தின்னா, எட்டும் இவ வேலை பாக்கற ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்கும்!

சகாயசெல்வி: அப்ப... உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?

சார்லஸ்: யாரோ கடைக்காரன்னு தெரியும். எவன், எந்தக் கடைன்னு தெரியாது. அவகிட்ட நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவாளோன்னு பயம். சொல்லிட்டா, நான் வேணாம்னு சொல்லிடுவேனோன்னு இன்னும் பயம்.

சகாயசெல்வி: அதான் போற எடமெல்லாம் உப்பு ருசி பாத்தீங்களா?

சார்லஸ்: பின்ன? இருவத்தஞ்சு வருசத்துல நீயா ஒரு ஊருக்குப் போலாம்னு கேட்டிருக்கியா? நீ கேட்ட அன்னிக்கே திண்டிவனத்துக்குப் போன் போட்டு, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டேன்.

சகாயசெல்வி: அடப்பாவி மனுசா! காலைலேர்ந்து நான் செத்து செத்துப் பொழைக்கறேன்... சரி, இப்ப இன்னா சொல்றீங்க? கோயிலு வேறயாச்சே?

சார்லஸ்: மனசு கஷ்டமாத்தான் இருக்குது. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஃபாதர்கிட்ட எப்படி வாயத் தொறக்கறதுன்னு இன்னும் புரியல. ஆனா செல்வி, நான் வாரின உப்ப இவ்ளோ மரியாதையா ஒருத்தன் சமைச்சு நான் சாப்பிட்டதே இல்ல.

சகாயசெல்வி: ...கண்ணத் தொடைங்க. பாக்கறவங்க காரம்னு நெனைப்பாங்க. அது சரி, அந்தப் பையில நெசமாவே குடையா?

சார்லஸ்: குடையும் இல்ல, தண்ணி பாட்டிலும் இல்ல. இந்தா, புடி... மெதுவா, வெயிட்டு. இந்த மாசத்து உப்பு. போய் மாப்ள கையில குடு.