ஏழு கல் வில்லைகள்

— ஏங்க, உங்க சாப்பாட்டுப் பை ஏன் இந்தக் கனம் கனக்குது? காலையில கட்டிக் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டீங்களா?

— ஐயோ, அதைத் தொடாதே... நானே எடுத்து வைக்கிறேன்.

— கல்யாணமாகி பன்னிரண்டு வருஷத்துல நீங்களா டப்பாவை எடுத்து வெச்ச நாள் உண்டா? இன்னிக்கு என்ன திடீர்ப் பாசம்?

— பாசமா இருந்தாலும் சந்தேகப்படு. நல்லா இரு.

— தள்ளுங்க... இதென்ன, கல்லு?

— காகிதம் பறக்காம இருக்க. உன் மேஜைக்குத்தான் ஆசையா...

— ஏழு கல்லா? என் மேஜையில என்ன புயலா அடிக்குது?

— பிடிக்கலேன்னா விடு. தூக்கிப் போட்டுடறேன்.

— இருங்க, இருங்க. எல்லாம் ஒரே வட்டம்... ஓரம் வழவழன்னு இருக்கு. இது உங்க மெஷின் துளைச்சு எடுத்த கல்லு.

— பாறையை அளக்கிறவளைக் கட்டிக்கிட்டா இதான் தொல்லை. வீட்டுக்குள்ள ஒரு கல்லைக்கூட ஒளிக்க முடியலை.

— எந்தத் துளை?

— ஏதோ ஒண்ணு... பழசு. பசிக்குது, சாப்பாடு போடேன்.

— இதைத்தான் தட்டுல போடப்போறேன். எந்தத் துளை?

— ...கடைசித் துளை. போதுமா?

— கடைசியா? நாளைக்குக் காலையில என் தம்பியும் அவன் ஆளுங்களும் சுரங்கம் வெட்ட இறங்கப்போற இடமா?

— அதேதான்.

— பொய். அந்தத் துளைக் கல்லு ஆபீஸ் சாம்பிள் பெட்டியில முழ நீளத்துக்கு முழுசா இருந்துச்சே. நானே பாத்தேன்.

— அது... பக்கத்துத் துளையோடது. மாத்தி வெச்சுட்டேன்.

— என்னது!

— கத்தாதே. இருபது வருஷமா துளை போடறேன். என் கையில கல்லு உடைஞ்சதே இல்லைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறவன். அங்க மட்டும் பிஸ்கட் மாதிரி வில்லை வில்லையா வந்துச்சு. மெஷினை ரொம்ப அழுத்திட்டேன் போல. உன் தம்பி பாத்தா சும்மா விடுவானா? மாமாவுக்கு வயசாயிடுச்சுன்னு காலம் பூரா ஓட்டுவான்.

— அட... அழுத்தினது நீங்க இல்லீங்க.

— பின்ன யாரு, நீயா?

— பாறை. நாலு பக்கமும் தாங்க முடியாத இறுக்கம் இருக்கிற இடத்துலதான் கல்லு இப்படி உடையும். எவ்வளவு நல்ல கை துளைச்சாலும்.

— அப்போ என்மேல தப்பில்லையா! இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? நாளைக்கே அவனைக் கூப்பிட்டு...

— அங்க வெட்டினா கூரை வெடிச்சுத் தலையில விழுமுங்க.

— எப்படி விழும்? நீதான் துளைக்குள்ள தண்ணியை ஏத்தி, எந்த அழுத்தத்துல பாறை பிளக்குதுன்னு அளந்தியே. பயமில்லைன்னு கையெழுத்தும் போட்டியே.

— ஐயோ... அந்தக் கையெழுத்து!

— என்ன, முகம் இப்படிப் போயிடுச்சு? உன் மீட்டர் பொய் சொல்லாதுன்னு எத்தனை நாள் என் காதுல ஓதியிருக்கே...

— ஃபோனை எடுங்க.

— யாருக்கு?

— தம்பிக்கு. ஒருத்தரும் இறங்கக் கூடாதுன்னு சொல்லணும். அப்புறம் மேனேஜருக்கு. அவர்கிட்ட நானே பேசறேன்.

— முதல்ல என்னன்னு சொல்லு. மீட்டர் பொய் சொல்லிடுச்சா?

— அது உண்மையைத்தாங்க சொல்லுச்சு. மத்த இடத்தைவிட ரெண்டு மடங்கு அழுத்தம் காட்டுச்சு. பெட்டியைப் பாத்தா உங்க கல்லு ஒரு கீறல் இல்லாம இருக்கு... உங்க கை தப்பாது, என் மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நம்பி, நானும் பக்கத்துத் துளையோட கணக்கையே எழுதிட்டேன்.