கிண்ணத்தை விட்டு விலகிய மண்

— இன்னாம்மா, இன்னும் காயலியா? தானியேல் மனையிலேர்ந்து மண்ணு எடுத்தாந்து குடுத்து மூணு நாளாச்சு.

— காஞ்சிடுச்சு சார். கூழாட்டம் கொழைச்சு இந்தக் கிண்ணத்துல விளிம்பு வரைக்கும் ரொப்பினேன். நேத்து பூரா லேப் ஓவன்ல இருந்துச்சு. நீங்களே பாருங்க.

— அடேயப்பா. கிண்ணத்தை உட்டு சுத்தி விலகிப்போயிருக்கே. நடுவுல வெடிப்பு வேற.

— பாதரசத்துல முக்கி கன அளவையும் அளந்துட்டேன். பாதிக்குப் பாதி சுருங்கியிருக்கு.

— இது மேல ரெண்டடி ஆழத்துல அஸ்திவாரம் போட்டுத் தோல் பதனிடற ஷாப் கட்டக் கண்ட்ராக்ட் எடுத்திருக்கான் தானியேல். முதலாளிகிட்ட இந்த ரிப்போர்ட்டைக் காமிச்சா அவன் காலி. வேலை என் கைக்கு வந்துடும்.

— அவரு கட்டினா இன்னா ஆவும் சார்?

— கோடையில சுருங்கும், மழையில உப்பும். ஒருநாள் சுவரு ஆளுங்க மேல சாயும். இந்த மண்ணுல ரெண்டடி போடுறவன் தெரிஞ்சே கொலை பண்றான்.

— எழுபத்தேழுல ஆம்பூர்ல உங்க ஷெட்டு சுவரு உழுந்துச்சே. அதுவும் ரெண்டடிதானாமே?

— அது வேற. மூணு பேரு செத்துப் பூட்டாங்க, வாஸ்தவம். ஆனா அது கெட்டிச் செம்மண்ணு. கோர்ட்ல மண்ணோட ரிப்போர்ட்டே குடுத்தேன். ஈரத் தோலை ஜாஸ்தியா சுவத்தோரம் அடுக்கினது வேலைக்காரங்க தப்புன்னு தீர்ப்பாச்சு. உனக்கெப்படித் தெரியும்?

— பேப்பர்ல வந்துச்சே சார். இப்ப சொன்னதை இந்தத் தாள்ல எழுதித் தர்றீங்களா? இந்தக் கிண்ணத்து மண்ணுன்னு தெளிவா எழுதுங்க. எங்க லேப் இஞ்சினியர் கஃபார் சார் கேப்பாரு.

— குடு. 'இக்கிண்ணத்தில் உள்ள மண்ணில் இரண்டடி அஸ்திவாரம் போடுவது கொலைக்குச் சமம். பக்தவச்சலம், கண்ட்ராக்டர்.' போதுமா?

— போதும். கஃபார் சார், கேட்டீங்களா?

— வாசல்லதாம்மா நின்னுட்டிருந்தேன், பூரணி. எல்லாம் கேட்டேன். குடு, நானும் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்.

— என் கையெழுத்துக்குக் கீழயே போடுங்க சார். மேல தானியேல் மனையோட நம்பரையும் எழுதிடுங்க.

— தானியேல் மண்ணு கட்டு அவுக்காம அதோ மூலையில இருக்கு சார். இந்தக் கிண்ணத்து மண்ணு ஆம்பூர்ல உங்க ஷெட்டு உழுந்த எடத்துல, என் வூட்டுக்காரரு சம்பந்தத்தோட பொணத்தை வாரியெடுத்த எடத்துல, முந்தாநாளு நானும் கஃபார் சாரும் தோண்டினது.